மலைப் படங்களில் மூட்டமும் முரண்டு பிடிக்கும் வெளிச்சமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை, கொழுக்குமலை என்று கேமராவோடு மலையேறுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை ஒரே குறையில்தான் தொடங்குகின்றன: "நேரில் அவ்வளவு அழகாக இருந்தது, படத்தில் வெறும் சாம்பலாக வந்திருக்கிறது." விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், மொபைல் வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த மலை படத்தில் ஏன் வெளிறிப் போகிறது?

உங்களுக்கும் மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. அந்தக் காற்று மலையிலிருந்து வரும் வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தடுக்கிறது. அதைவிட முக்கியம், சூரிய வெளிச்சத்தைச் சிதறடித்துத் தன் பங்குக்கு ஒரு வெளிச்சத்தையும் சேர்த்து அனுப்புகிறது. மலையின் கருமையான பகுதிகள் மேல் இந்தக் கூடுதல் வெளிச்சம் படிந்துவிடுவதால் கருப்பு கருப்பாக இருப்பதில்லை, சாம்பலாகிவிடுகிறது. நம் கண்ணும் மூளையும் இதைக் கழித்துவிட்டுப் பார்க்கப் பழகியவை. கேமரா வந்ததை அப்படியே எழுதிக்கொள்கிறது.

சுத்தமான காற்றில் உள்ள மூலக்கூறுகள் மிகச் சிறியவை. அவை நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும், சிவப்பைக் குறைவாகச் சிதறடிக்கும். மழை விட்ட நாளில் தூரத்து மலை நீலமாகத் தெரிவது இதனால்தான். தூசி, புகை, ஈரத்தில் ஊதிப்போன துகள்கள் எல்லாம் பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். அதனால் அந்த மூட்டம் வெள்ளையாக, சில நாளில் பழுப்பாகத் தெரியும். ஃபில்டர், எடிட்டிங் பற்றிக் கீழே வரும் பல பதில்கள் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

பனிமூட்டம், மேகம், புகைமூட்டம் எல்லாம் படமெடுப்பவருக்கு ஒன்றுதானே?

இல்லை. பனிமூட்டமும் மேகமும் நீர்த்துளிகள். அவை நகரும், திறக்கும், மூடும். எதிரே ஒன்றுமே தெரியாத இடத்தில் கால் மணி நேரம் நின்றால் ஒரு பாறை முளைத்து வரும், திரும்பவும் மறையும். இங்கே வேண்டியது பொறுமை, கூடவே தயாராக வைத்த கேமரா.

புகையும் தூசியும் கலந்த வறண்ட மூட்டம் அப்படியல்ல. அது நாள் முழுக்க, சில சமயம் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். நின்று பார்த்துப் பயனில்லை. திசையை மாற்ற வேண்டும், அல்லது படத்துக்கு எடுத்துக்கொள்ளும் பொருளையே மாற்ற வேண்டும்.

அடையாளம் எளிது. விளிம்பு தெரிந்தால், நகர்ந்தால், முகத்தில் ஈரம் பட்டால் அது மேகம். விளிம்பே இல்லாமல் அடிவானம் முழுக்க ஒரே அழுக்குப் பட்டையாக இருந்து, மேலே போகப் போக வானம் நீலமாக மாறினால் அது வறண்ட மூட்டம். தொட்டபெட்டா போன்ற உயரத்திலிருந்து (2,637 மீட்டர்) சமவெளிப் பக்கம் பார்த்தால் பல நாட்களில் அந்தப் பட்டையின் மேல்விளிம்பு கோடு போட்டது போலத் தெரியும்.

தெளிவான வானத்துக்கு எந்த மாதம் போகலாம்?

இந்தக் கேள்விக்கு எல்லா மலைக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஒரே நீலகிரியில் மேற்கே நடுவட்டமும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் ஊறிக்கொண்டிருக்கும்போது கிழக்கே கோத்தகிரியில் வெயில் அடிக்கும். அக்டோபர், நவம்பரில் கதை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தை நனைக்கும்.

பொதுவாகச் சொன்னால் மார்ச் முதல் மே வரை மோசம். காய்ந்த புல், காட்டுத்தீப் புகை, சமவெளியிலிருந்து ஏறும் தூசி எல்லாம் சேர்ந்த காலம். கோடை விடுமுறை என்பதால் பெரும்பாலோர் போவதும் அப்போதுதான், குறை வருவதும் அப்போதுதான். இடையில் கோடை மழை ஒன்று நன்றாக அடித்தால் மறுநாள் காலை கிடைக்கும் தெளிவு அசாத்தியமானது. மழைத்துளிகள் துகள்களைக் கழுவி இறக்கிவிடுகின்றன. ஆகவே கோடையில் போனால் வெயில் நாளைத் தேடாதீர்கள், மழைக்கு மறுநாளைத் தேடுங்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை இன்னொரு நல்ல காலம். இரவில் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழே தங்க, அதன்மேல் வெப்பக் காற்று மூடி போட்டாற்போல உட்கார்ந்துவிடும். புகையும் தூசியும் அந்த மூடிக்குக் கீழே அடைபடும். சமவெளியில் இருப்பவருக்கு எல்லாமே மங்கல், 2,000 மீட்டருக்கு மேலே நிற்பவருக்குப் பளிச்சென்ற வானம். பள்ளத்தாக்கில் ஈரமும் இருந்தால் காலடியில் மேகக் கடல். கொழுக்குமலையில் விடியலில் எடுக்கப்படும் புகழ்பெற்ற படங்களில் பல இந்த வகை. ஊட்டியைச் சுற்றித் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி கிடைப்பதும் இதே நாட்களில்தான்.

ஜூன், ஜூலையை நான் கழிக்க மாட்டேன். தூரக் காட்சி கிடைக்காது, சரி. ஆனால் சோலைக்காடும் தேயிலையும் பாறையும் நனைந்து நிற்கும் நிறம் வேறு எந்த மாதத்திலும் வராது.

கிளம்பும் முன்பே மூட்டம் எப்படி என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பில் பார்வைத் தூரம் மீட்டரில் இருக்கும். நீலகிரி, வால்பாறை போகிறவர்கள் கோயம்புத்தூர் விமான நிலையத்தின் குறிப்பையும், கொடைக்கானல், மேகமலை போகிறவர்கள் மதுரையினுடையதையும் பார்க்கலாம். பார்வைத் தூரம் 5,000 மீட்டருக்குள் இருந்து மூட்டக் குறியீடும் இருந்தால் சமவெளி நோக்கிய காட்சிமுனைகளில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். நாசாவின் வேர்ல்டுவியூ இணையப் பக்கத்தில் அன்றன்றைய செயற்கைக்கோள் படமும் தீப்பிடித்த இடங்களின் புள்ளிகளும் தெரியும். மார்ச், ஏப்ரலில் அந்தப் புள்ளிகள் எங்கே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இதையெல்லாம்விட நம்பகமானது, தங்கப் போகும் விடுதியில் இருப்பவரிடம் நேரடியாகக் கேட்பது. "கிளைமேட் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பரா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். "நேத்து சாயங்காலம் எதிர்மலை தெரிஞ்சுதாண்ணா?" என்று கேளுங்கள்.

காலையில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும்?

சூரியன் உதிக்க முக்கால் மணி நேரம் முன்பே இடத்தில் நிற்க வேண்டும். நடந்து சேர வேண்டிய நேரம் தனி. ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் எழுதுவதைப் படித்துவிட்டுப் பொன்னொளி ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்று நம்பி வருகிறார்கள். நம் மலைகள் நிலநடுக்கோட்டுக்கு 10, 11 டிகிரி வடக்கே இருக்கின்றன. இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது, ஏறக்குறைய நேராக மேலே ஏறும். அடிவானத்துக்குச் சற்றுக் கீழிருந்து 6 டிகிரி உயரம் வரை என்று கணக்கிட்டால் மொத்தமே 40 நிமிடம். அதிலும் அடிவானத்தில் மூட்டப் பட்டை இருந்தால் முதல் 10 நிமிடம் சூரியனே வெளியில் வராது, செம்பழுப்பு வட்டமாகத்தான் தெரியும். அந்த வட்டத்தை டெலி லென்ஸில் (தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ்) எடுக்கலாம், தப்பில்லை.

அப்புறம் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்குச் சரிவுகள் சூடாகும், ஈரக் காற்று சரிவோடு மேலேறும், உயரத்தில் குளிர்ந்து மேகமாகும். கொடைக்கானல் தூண் பாறைக்கு மதியம் போய்ச் சேர்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துத் திரும்புகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்குள் அங்கே வேலையை முடித்துவிடுவது நல்லது.

சூரியனை எந்தப் பக்கம் வைத்துக்கொண்டு எடுப்பது?

மூட்ட நாளில் வேறு எதைவிடவும் இதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பேன். துகள்கள் சூரிய ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறடிப்பதில்லை. வந்த திசையிலேயே முன்னோக்கித்தான் அதிகம் தள்ளுகின்றன. அதனால் சூரியனை நோக்கிப் பார்த்தால் மூட்டம் பல மடங்கு அடர்த்தியாகத் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அதே மூட்டம் மெலிந்து தெரியும். ஒரே இடம், ஒரே நேரம், திரும்பி நின்றால் போதும்.

ஆகவே விவரம் வேண்டுமானால் (மரம், பாறை வெடிப்பு, தேயிலை வரிசை) காலையில் மேற்கே பாருங்கள், மாலையில் கிழக்கே பாருங்கள். அடுக்கடுக்கான மலைமுகடுகள் வேண்டுமானால் எதிர்வெளிச்சத்துக்குப் போங்கள். முன்னால் உள்ள முகடு கருப்பு, அடுத்தது அடர்சாம்பல், அதற்கடுத்தது வெளிர்சாம்பல் என்று மூட்டமே தூரத்தை வரைந்து காட்டும். மூட்டமே இல்லாத நாளில் அந்தப் படம் கிடைக்காது. எல்லா முகடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே பச்சைக் குவியலாகத் தெரியும்.

பெரும்பாலானவர்கள் சிக்கிக்கொள்வது இரண்டுக்கும் நடுவில். எதிர்வெளிச்சத்தில் நின்றுகொண்டு விவரத்தை எதிர்பார்க்கிறார்கள். கொடைக்கானலின் கோக்கர்ஸ் வாக் நடைபாதை சமவெளியைப் பார்த்த கிழக்கு முகம். காலையில் அங்கே எதிர்வெளிச்சம்தான், ஆகவே அடுக்குகளையும் கதிர்களையும் தேடுங்கள். கீழே உள்ள ஊர்களும் ஏரிகளும் துலங்க வேண்டுமானால் மாலை 4 மணிக்கு மேல் அதே இடத்துக்குத் திரும்பி வாருங்கள், மேகம் விட்டுக்கொடுத்தால். அங்கே சூரியன் பின்னாலும் மேகம் முன்னாலும் அமைந்தால் உங்கள் நிழலே மேகத்தின்மேல் பெரிதாக விழுந்து, தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். ப்ராக்கன் நிழல் என்பார்கள். எடுக்க அதிக நேரம் கிடைக்காது.

சூரியன் உதிக்கும் இடமும் நகரும். ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே, டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே. ஜனவரியில் பார்த்து வைத்த காட்சி மே மாதத்தில் அதே கோணத்தில் அமையாது. சன் சர்வேயர், போட்டோபில்ஸ் போன்ற செயலிகள் இதை வரைபடத்தில் காட்டும்.

போலரைசர் ஃபில்டர் மூட்டத்தை நீக்குமா?

எந்த மூட்டம் என்பதைப் பொறுத்தது. மூலக்கூறுகள் சிதறடிக்கும் நீல ஒளி, சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் நன்றாக முனைவுற்றிருக்கும், அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். அதை போலரைசர் வெட்டும். ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டிக் கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றினால் கட்டைவிரல் காட்டும் திசைகளில்தான் பலன் அதிகம். மழை விட்ட நாளின் மெல்லிய நீல மங்கலில் நல்ல முன்னேற்றம் தெரியும். வெள்ளை, பழுப்பு மூட்டத்தில் பலன் சொற்பம். மேகத்துக்குள் பூஜ்யம்.

ஆனாலும் என் பையில் அது எப்போதும் இருக்கும், வேறு காரணத்துக்காக. நனைந்த தேயிலை இலையும் சோலை மரங்களின் இலையும் வானத்தைப் பிரதிபலித்து வெளுத்துத் தெரியும். போலரைசரைத் திருப்பினால் அந்தப் பளபளப்பு போய் உள்ளே இருக்கும் பச்சை வெளிவரும். எந்த எடிட்டிங்கிலும் இதைச் செய்ய முடியாது. ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். 24 மில்லிமீட்டரும் அதைவிட அகலமுமான லென்ஸில் நீலவானத்தோடு பயன்படுத்தினால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்துத் திட்டாகும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

யூவி ஃபில்டர்?

பிலிம் காலத்தில் பயன் இருந்தது. டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் ஏற்கெனவே புறஊதாவைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. லென்ஸ் கண்ணாடிக்குப் பாதுகாப்பாக வேண்டுமானால் மாட்டிக்கொள்ளுங்கள். சூரியனை நோக்கி எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், தேவையில்லாத ஒளிப்பொட்டு ஒன்று குறையும்.

மலைக்கு அகல லென்ஸ்தானே சரி?

மூட்ட நாளில் 70-200 மில்லிமீட்டர் டெலி ஜூம் இருந்தால் அதையே மாட்டுங்கள். அகல லென்ஸில் கால்வாசிப் படம் வெளுத்த வானம், கால்வாசி மங்கல் என்று போய்விடும். டெலி லென்ஸ் வேண்டாததை வெட்டிவிட்டு முகடுகளை மட்டும் அடுக்கிக் கொடுக்கும். எதிர்வெளிச்ச அடுக்குகளுக்கு 150 முதல் 200 மில்லிமீட்டர், எஃப் 8, ஐஎஸ்ஓ 100 என்று தொடங்கலாம். லென்ஸ் ஹூட் கட்டாயம்.

ஒரு எச்சரிக்கை. வெயில் ஏறிய பிறகு நீளமான டெலியில் எடுத்தால் தூரத்து முகடு நெளிந்து தெரியும். கானல் அது. ட்ரைபாட், வேகமான ஷட்டர், விலை உயர்ந்த லென்ஸ் எதுவும் உதவாது. கீழே சூடான பாறையோ தார்ச்சாலையோ இருக்கும் காட்சிமுனைகளில் இன்னும் மோசம்.

அகல லென்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னால் பிடிப்பாக ஒன்று இருக்கட்டும்: ஒரு பாறை, பூ, வளைந்து போகும் பாதை. மூட்டம் பின்னணியாக நிற்கட்டும். வால்பாறைச் சாலையின் 9-வது கொண்டை ஊசி வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனையில் ஆழியாறு அணை மங்கலாகத் தெரியும் நாளில், கீழே ஏறி வரும் சாலை வளைவுகளை முன்னால் வைத்தால் படம் நிற்கும்.

எதிர்வெளிச்சத்தில் எக்ஸ்போஷரை எப்படி வைப்பது?

கேமரா பின்திரையில் தெரியும் படத்தை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமைப் பாருங்கள் (இடப்பக்கம் கருமை, வலப்பக்கம் வெளிச்சம் என்று படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்). மூட்ட நாளில் அது நடுவில் ஒரு குறுகிய மேடாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். வெளிச்சப் பகுதி வெடிக்காத அளவுக்கு அந்த மேட்டை வலப்பக்கம் நகர்த்தி எடுங்கள். பின்னால் கான்ட்ராஸ்டைக் கூட்டும்போது இரைச்சலும் (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்) சேர்ந்தே கூடும். நிறைய வெளிச்சம் வாங்கி வைத்திருந்தால் அது தெரியாது.

மேகத்துக்குள் நிற்கும்போது கேமரா வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். கூட்டல் மூன்றில் இரண்டு முதல் 1 ஸ்டாப் வரை கொடுங்கள். சூரியனே படத்துக்குள் இருந்தால் எதிர்ப்பக்கம்: வட்டத்தைச் சுற்றியுள்ள நிறம் போகாத அளவுக்குக் குறைத்து, முன்னால் உள்ள முகடு கருப்பாகவே போகட்டும். எல்லா இடத்திலும் விவரம் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தால் கெட்டுப்போன சூரியோதயப் படங்களுக்குக் கணக்கே இல்லை.

வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். விடியலின் நீலத்தையும் பொன்னிறத்தையும் அது "திருத்தி" விடும். பகல்வெளிச்ச அமைப்பில் நிறுத்திவிட்டு ரா ஃபைலில் (சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள்.

வானம் வெளிச்சம், மலை இருட்டு. கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கவா, எச்டிஆர் போதுமா?

கிராஜுவேட்டட் ஃபில்டரில் மேல்பாதி மட்டும் இருட்டாக இருக்கும். கடலுக்கு அது அருமை, அடிவானம் நேர்கோடு. மலையில் கோடு நேராக இருப்பதில்லை. வானத்தை இருட்டாக்கப் போய் சிகரத்தின் தலையும் இருட்டாகும். இன்றைய சென்சார்கள் குறைந்த ஐஎஸ்ஓவில் ஒரே ரா ஃபைலிலேயே நிழலிலிருந்து மூன்று ஸ்டாப் வரை மீட்டுத் தருகின்றன. அதற்கும் மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து இணையுங்கள், எச்டிஆர் என்பது அதுதான். காற்றில் புல்லும் யூகலிப்டஸ் கிளையும் ஆடினால் இணைப்பில் பேய் உருவம் வரும். அப்போது முன்னணியை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் "வானத்தைத் தேர்ந்தெடு" என்று அழுத்தி இருட்டாக்குகிறவர்கள் முகட்டு ஓரத்தை 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை விளிம்பு ஓடினால் இன்னும் பாதியாகக் குறையுங்கள்.

மேகத்துக்குள் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

அதற்குப் பிடித்துக்கொள்ள விளிம்பு வேண்டும். முகடும் வானமும் சந்திக்கும் கோட்டில், இல்லையென்றால் ஒரு மரத்தின் தண்டில் ஃபோகஸ் புள்ளியை வையுங்கள். ஃபோகஸ் கிடைத்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மேகம் திறக்கும் அந்தச் சில நொடியில் லென்ஸ் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. லென்ஸை ஒரு கோடிக்குத் திருகிவிட்டால் முடிவிலி என்று நினைப்பதும் தவறு. பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் சுழலும்.

எங்களுக்கு மதியம்தான் நேரம் கிடைத்தது. ஏதாவது தேறுமா?

ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 வாக்கில் நம் மலைகளில் உச்சிவெயில் நிஜமாகவே தலைக்கு நேர்மேலே நிற்கும். சரிவுகளில் நிழலே இருக்காது, மலை தட்டையாகத் தெரியும். அந்த நேரத்தில் விரிந்த காட்சியை விட்டுவிடுங்கள். துண்டு மேகங்கள் ஓடும் நாளாக இருந்தால் மட்டும் நில்லுங்கள். மேக நிழல் தேயிலைச் சரிவில் நகரும்போது ஒரு மேடு மட்டும் ஒளிரும், சுற்றியுள்ளது இருட்டில் இருக்கும். ஒளிர்ந்த இடத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் அமைப்பு) வைத்து எடுங்கள்.

வானம் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தால் வானமே இல்லாமல் எடுங்கள். சோலைக்குள் போங்கள், அருவிக்குப் போங்கள், தேயிலை வரிசைகளை மேலிருந்து பாருங்கள். மூடிய வானம் இவற்றுக்கு நல்ல வெளிச்சம்.

டீஹேஸ் எவ்வளவு கூட்டலாம்?

2015-இல் லைட்ரூமில் இந்த வசதி வந்ததிலிருந்து மலைப் படங்கள் பலவும் ஒரே முகமாகிவிட்டன. கருநீல மலை, கரித்தூள் வானம். டீஹேஸ் செய்வது, மூட்டம் சேர்த்த வெளிச்சத்தை மதிப்பிட்டுக் கழிப்பது. கழித்ததும் நிறம் அடர்த்தியாகும், நீலம் ஏறும், மூலைகள் இருட்டாகும், சென்சாரில் ஒட்டிய தூசி எல்லாம் பொட்டுப் பொட்டாக வெளியே வரும்.

படம் முழுக்க 10 முதல் 20க்கு மேல் நான் போவதில்லை. அதற்கும் மேல் வேண்டுமானால் மாஸ்க் போட்டு (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து) நடுத்தூர மலைக்கு மட்டும் கொடுங்கள். கடைசி முகடு மங்கலாகவே இருக்கட்டும். அதையும் தெளிவாக்கினால் 20 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை பக்கத்து வீட்டு மதில் போல வந்து நிற்கும், ஆழம் செத்துவிடும். பிறகு நீல நிறத்தின் அடர்த்தியைக் கொஞ்சம் இறக்குங்கள். பல நேரங்களில் டீஹேஸைத் தொடாமல் கர்வ் என்ற ஒளியளவுக் கோட்டில் கரும்புள்ளியை (எது முழுக் கருப்பு என்று குறிக்கும் முனை) மட்டும் நகர்த்தினாலே வேலை முடிந்துவிடும்.

கடும் மூட்டத்தில் கட்டாயம் தெளிவு வேண்டுமென்றால் ட்ரைபாடில் வைத்து ஒரே மாதிரி எட்டுப் படம் எடுத்து அவற்றின் சராசரியை உருவாக்குங்கள். இரைச்சல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகும், அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும்.

கருப்பு வெள்ளையும் இன்ஃப்ராரெடும் உதவுமா?

கருப்பு வெள்ளைக்கு மாற்றும்போது சிவப்பைக் கூட்டி நீலத்தைக் குறைத்தால் மெல்லிய மூட்டம் விலகும், காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது. 720 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் ஃபில்டர், அதற்கென்று மாற்றிய கேமரா இருந்தால் இன்னும் ஒரு படி மேலே: நுண்ணிய புகையைத் தாண்டி முகடுகள் துலங்கும், இலைகள் வெண்மையாகும். மேகத் துளிகள் மிகப் பெரியவை, அவற்றை இன்ஃப்ராரெடும் தாண்டாது.

மொபைல் மட்டும்தான் இருக்கிறது.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப்பையிலிருந்து எடுத்த மொபைலின் விரல்ரேகை எண்ணெய் தனியாக ஒரு மூட்டம் போடும். அப்புறம் வெளிச்சமான இடத்தை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டி, கொஞ்சம் கீழே இழுங்கள். டெலி லென்ஸ் தனியாக இருக்கும் மொபைல் என்றால் அடுக்குகளுக்கு அதுதான். டிஜிட்டல் ஜூம் வேண்டாம். மூட்டத்தின் மென்மையை மொபைல் மென்பொருள் கூர்மையாக்கிப் பிசுக்காக்கிவிடும். ரா அல்லது ப்ரோ மோடு இருந்தால் அதில் எடுத்துப் பாருங்கள்.

லென்ஸில் ஈரம், பூஞ்சை என்று பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானதுதான். ஏசி காரிலிருந்து இறங்கி ஈரக் காற்றில் கேமராவை எடுத்தால் கண்ணாடி உடனே வியர்க்கும். பையை மூடியபடியே வெளியில் 20, 30 நிமிடம் வைத்துவிட்டு எடுங்கள், அல்லது கடைசி சில கிலோமீட்டர் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மலையிலேயே குடியிருப்பவர்களுக்கு டிரை கேபினட் ஆடம்பரமில்லை. 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது. பீரோவில் துணிகளோடு வைத்த லென்ஸ் ஒரு பருவமழையிலேயே வெண்ணூல் கட்டிவிடும்.

அனுமதி, பாதுகாப்பு?

2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள், ட்ரோனையும் பறக்கவிடாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புகை தெரியும் சரிவுக்கு மேலே எந்தப் படத்துக்காகவும் போகக் கூடாது.

மூட்டத்தில் காட்டுமாடு நிற்பது பத்தடியில்தான் தெரியும். கோத்தகிரி, கொடைக்கானல், வால்பாறையில் அது ஊருக்குள்ளேயே வரும். விடியலில் தேயிலைக்குள் நடக்கும்போது டார்ச்சோடு, சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். மழை மாதத்தில் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

எடிட் செய்தபோது நன்றாக இருந்தது, வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. ஏன்?

மூட்டப் படங்களில் நிறம் மிக மெதுவாக மாறும். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள்தான் வைத்திருக்கிறது. அதைச் சுருக்கும்போது அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். எடிட்டிங் முழுவதையும் 16 பிட்டில் செய்து, கடைசியில் மட்டும் ஜேபெக்காக்குங்கள். ஏற்றுமதி செய்யும் முன் மிகக் கொஞ்சம் கிரெயின் சேர்த்தால் பட்டை உடைந்துவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிரிண்ட் போடுவதானால் கிளாஸி தாளைவிட மேட் தாள் இந்த வகைப் படங்களுக்குப் பொருந்தும். திரையில் பார்த்ததைவிட அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டி, முதலில் சின்ன அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிதாகக் கொடுங்கள்.